அவர் ஹவுஸ்

"வீ ஹாவ் ஓன் ஹவுஸ் சார்" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றவன் சொன்னதும், இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் பேனாவைக் கீழே வைத்தார். அவர் பேனாவைக் கீழே வைத்தால் எவனோ வசமாக மாட்டிக்கொண்டான் என்று அர்த்தம். பின்னால் வரிசையில் நின்ற பிள்ளைகள் சிரிப்பதற்குத் தயாரானார்கள்.

"வீன்னா யாரு?"

"நாங்க சார்."

"நாங்கன்னா? நானும் அதுல உண்டா?"

பையன் திருதிருவென்று விழித்தான். "ஆக்சுவலி, நீங்க எப்படி சார் இருப்பீங்க? அப்பா, அம்மா, தங்கச்சி, நான்."

"அதை உன் மூஞ்சியைப் பாத்தே ஆபீசர் தெரிஞ்சுக்கணுமா? தமிழ்ல நாம வேற, நாங்க வேற. 'நாம சாப்பிடலாம்'னு நீ சொன்னா எனக்கும் ஒரு தட்டு உண்டு. 'நாங்க சாப்பிடப் போறோம்'னு சொன்னா நான் எந்திரிச்சு என் வீட்டைப் பாத்துப் போகணும். இங்கிலீஷ்ல ரெண்டும் ஒண்ணுதான். யாரு உள்ள, யாரு வெளியன்னு அந்த வீ சொல்லாது. அதனால ஆளைச் சொல்லு. மை ஃபாதர், மை மதர், மை சிஸ்டர் அண்ட் ஐ. அடுத்து யாரு?"

எல்லாவற்றையும் 'ஆக்சுவலி' என்று தொடங்கியே அதையே பட்டப்பெயராகச் சம்பாதித்துக்கொண்டவன் தலையைச் சொறிந்தபடி நகர்ந்தான். இந்தப் பாடத்துக்குப் பிள்ளைகள் 'நாம நாங்க' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வருடமும் வெளிநாட்டுப் படிப்புக்குக் கிளம்பும் கூட்டத்துக்கு இதை நடத்தாமல் அவர் விடமாட்டார். விசா மறுக்கப்படுவதற்கு உலகத்தில் ஆயிரம் காரணங்கள் இருக்கலாம், இவரைக் கேட்டால் முதல் காரணம் 'வீ' என்பார்.

அந்த அறை முன்பு கல்லூரியின் கட்டணக் கவுண்டராக இருந்தது. புதுக் கட்டடத்துக்கு அலுவலகம் போனபோது இதைப் பழைய நாற்காலிகளுக்கு ஒதுக்கினார்கள். இவர்தான் முதல்வரின் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டு வாங்கினார். காரணம் அந்தக் கண்ணாடி. வாய் உயரத்தில் வட்டமாகத் துளைகள், கீழே கை நுழையும் அளவுக்கு ஒரு பிறை. தூதரகத்திலும் இப்படித்தான் இருக்கும், கண்ணாடிக்கு முன்னால் நின்று பேசிப் பழகாத பிள்ளைகளுக்கு அங்கே போனதும் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று அவர் வாதாடினார். அன்றிலிருந்து அவர் 'கண்ணாடி சார்'. மூக்கில் இருந்த கனத்த கண்ணாடிக்கும் அந்தப் பெயர் பொருந்தியது ஒரு சௌகரியம். இத்தனை பேரை விமானம் ஏற்றிவிட்டவர் தான் ஒரு தடவைகூட எல்லை தாண்டியதில்லை. "விசா ஆபீசருக்கே விசா கிடையாது" என்று பிள்ளைகள் அவர் காதுபடவே சொல்வார்கள். அவரும் சிரிப்பார்.

கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் மட்டும் மனிதர் மாறிவிடுவார். கண்ணில் விரல் விட்டு ஆட்டுவார். மனப்பாடம் செய்துகொண்டு வருகிறவர்களை இரண்டாவது வாக்கியத்திலேயே பிடித்துவிடுவார். "வாடை அடிக்குது" என்று மூக்கைச் சுளிப்பார். உண்மையைச் சொல்கிற குரலுக்கும் ஒப்பிக்கிற குரலுக்கும் வித்தியாசம் தனக்குத் தெரியாமல் போகாது என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

வரிசையின் கடைசியில், சுவரில் சாய்ந்தபடி, ஒரு பெண் நின்றிருந்தாள். அவள் அவர் வீட்டிலிருந்து வருகிறவள் என்பது எல்லோருக்கும் தெரியும். மகள் என்று சிலர் சொல்வார்கள். அவள் சொன்னதில்லை.

*

அவளுடைய அம்மா இதே கல்லூரியின் நூலகர். பெற்ற தகப்பன் அவள் நடக்கத் தொடங்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். இவர் புத்தகம் எடுக்கப் போனார், எடுத்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனார், பிறகு எடுக்காத புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கவும் போனார். கல்லூரியே பார்த்துச் சிரித்தது. இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட, பதிவு அலுவலகத்தில் கல்யாணம் முடிந்தது. அப்போது நான்காம் வகுப்பில் இருந்த அவள் பள்ளிக்கூடப் பையோடும் ஒரு போர்வையோடும் இவர் வீட்டுக்குள் வந்தாள். நடுக்கூடத்தில் நின்று சுற்றிலும் பார்த்துவிட்டு, "நாங்க எங்க சார் படுத்துக்கணும்?" என்று கேட்டாள்.

அம்மா அவரை அலுவலகப் பழக்கத்தில் 'சார்' என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள், அதையே அவளும் பிடித்துக்கொண்டாள். அம்மாவுக்குப் பின்னாளில் அது 'என்னங்க' ஆகியது. மகளுக்கு அப்படியே நின்றுவிட்டது. அவள் மரியாதை தவறியதில்லை. அடம் பிடித்ததில்லை. அவர் வாங்கிக் கொடுத்ததை வேண்டாமென்றதும் இல்லை. காய்ச்சல் வந்தால் அவர் கையால் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வாள். ஆனால், "நாங்க கடைக்குப் போயிட்டு வர்றோம் சார்." "எங்களுக்குச் சாப்பாடு ஆச்சு சார், நீங்க சாப்பிடுங்க." "உங்க மோட்டார் ரொம்பச் சத்தம் போடுது சார்." வீட்டில் இருந்தது மூன்று பேர். அவள் பேச்சில் இரண்டு பேரும் ஒருவரும் இருந்தார்கள்.

வேறு யாராக இருந்தாலும் காதில் விழுந்திருக்காது. இவர் காது அப்படிப் பழகிய காது. ஒருநாள் மனைவியிடம் சொல்லியும் பார்த்தார். "சின்னப் பொண்ணுங்க, வாய்ல வர்றதைச் சொல்றா. இதுக்கெல்லாம் இலக்கணம் பாப்பீங்களா?" என்று அவள் சிரித்துவிட்டாள். அவருக்கும் வெட்கமாகப் போய்விட்டது. அதற்குப் பிறகு சொல்லவில்லை, கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார்.

அந்தச் சிரிப்புக்காரிக்கு மறக்க முடியாத ஒரு வேடிக்கையும் நடந்தது. ஒரு சாயங்காலம் அவர் சிறுமிக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவள் விரலை வைத்து, "திஸ் இஸ் அவர் ஹவுஸ்" என்று படித்துவிட்டு நிமிர்ந்தாள். "அவர்னா யாரு? இவரா?" என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டாள். அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஆமாடி, அவரேதான். இது அவர் ஹவுஸ்" என்றாள். அவருந்தான் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அப்படி இல்லை, இங்கிலீஷில் 'அவர்' என்றால் நம்முடைய என்று அர்த்தம் என அவர் விளக்கியபோது, சிறுமி அதைக் காதில் வாங்கினாளா என்று தெரியவில்லை. பக்கத்தைத் திருப்பிவிட்டாள்.

பிறகு நோய் வந்தது. இழுத்துப் பறித்து, மருத்துவமனை வராந்தாக்களில் அவர்கள் இருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்து, கடைசியில் அம்மாவைக் கொண்டுபோனது. எல்லாம் முடிந்த பிறகு அவளுடைய தாய்மாமா வந்து, "கிளம்பும்மா, நம்ம வீட்டுக்குப் போகலாம்" என்றார். இவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தடுக்கத் தனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. அவள், "எனக்குக் காலேஜ் இங்கதானே மாமா" என்றாள். அவள் இருந்துவிட்டாள். அவருக்கு உயிர் வந்தது. காலேஜ் என்ற அந்தச் சொல்லை மட்டும் அவரால் விழுங்க முடியவில்லை.

அதன் பிறகு ஒன்றைக் கவனித்தார். அவள் பேச்சிலிருந்து 'நாங்க' போய்விட்டது. சொல்ல ஆள் இல்லையே. "நான் சாப்பிட்டேன் சார்." "நான் லைப்ரரிக்குப் போறேன் சார்." இத்தனை வருடம் தன்னை வெளியே நிறுத்திய அந்தச் சொல்லுக்காக அவர் முதல்முறையாக வருத்தப்பட்டார். அதாவது இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

இப்போது அவளும் போகிறாள். இடம் கிடைத்துவிட்டது, உதவித்தொகையும் கிடைத்துவிட்டது, விசா ஒன்றுதான் பாக்கி. நேர்காணல் வரும் திங்கட்கிழமை. பாதிப் பிள்ளைகள் தடுக்கி விழுகிற கேள்வி ஒன்று உண்டு. படித்து முடித்துத் திரும்பி வருவாய் என்பதற்கு என்ன நிச்சயம்? உன் ஊரில் உனக்கு யார் இருக்கிறார்கள்? வீட்டில் ரத்த சம்பந்தம் இல்லாத ஒரு மனிதரைத் தவிர யாரும் இல்லாத பெண், அதற்கு என்ன சொல்வாள்? ஆபீசர் நம்ப வேண்டுமே என்ற பயம் அவருக்கு இருந்தது. அதற்கு அடியில் இன்னொரு பயமும் இருந்தது. அந்தப் பதிலைத் தெரிந்துகொள்ளவேண்டியது ஆபீசர் மட்டும் அல்ல.

*

"அடுத்து" என்றார். அவள் கண்ணாடி முன் வந்து நின்றாள். இதுவரை ஒவ்வொரு நாளும் ஏதாவது சாக்குச் சொல்லி நழுவியவள்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, ஆபீசர் குரலை வரவழைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் தொடங்கினார். என்ன படிக்கப் போகிறாய், ஏன் அந்தப் பல்கலைக்கழகம், அதே படிப்பு இங்கே இல்லையா. அவள் தடுமாறவில்லை. நன்றாகவே பேசினாள். அவருக்குள்ளிருந்த வாத்தியார் சபாஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

"வீட்டில் யார் இருக்கிறார்கள்?"

"மை ஃபாதர்" என்றாள்.

அவர் பேனாவை உருட்டினார். அப்பா என்ற சொல்லை அவள் யாரையும் பார்த்துச் சொல்லி அவர் கேட்டதில்லை. இங்கிலீஷில் எவ்வளவு சுலபமாக வருகிறது என்று நினைத்துக்கொண்டார்.

"படிப்பு முடிந்ததும் நீ திரும்பி வருவாய் என்று நான் எப்படி நம்புவது?"

அவள் கண்ணாடித் துளைகளைப் பார்த்தாள். "பிகாஸ் வீ ஹாவ் எ ஹவுஸ்" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "அவர் ஹவுஸ்" என்றாள்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். வரிசை சிரிப்புக்குத் தயாரானது.

கேட்கவேண்டியது இரண்டே சொல். வீன்னா யாரு? எத்தனை பிள்ளைகளைக் கேட்டிருக்கிறார், நாக்குக்குப் பழகிய கேள்வி. அது நுனிவரை வந்து நின்றது. அம்மாவும் நானும் என்று அவள் சொல்லிவிட்டால்? அதுகூடப் பரவாயில்லை. சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன் சார் என்று சொல்லிவிட்டால்? அந்த 'அவர்' எந்த அவர்? நம்முடையதா, அன்றைக்கு அடுக்களை வாசலில் அவள் அம்மா சொல்லிச் சிரித்த அவரா? பேனாவை எடுத்தார். "குட். போதும்" என்றார்.

"சார், வீன்னா யாருன்னு கேக்கலையே" என்றான் ஆக்சுவலி, நியாயம் கேட்கும் குரலில். "எங்களை மட்டும் கேக்கறீங்க."

"நேரமாச்சு, பூட்டணும்" என்றார். ஜன்னலில் வெயில் இன்னும் பளிச்சென்றுதான் இருந்தது.

வீட்டில் சாப்பிட்டு முடித்து அவள் தட்டுகளைக் கழுவினாள், அவர் துடைத்து அடுக்கினார். அம்மா படுக்கையில் விழுந்த நாளிலிருந்து இருக்கும் ஏற்பாடு அது. குழாயை மூடாமலே அவள் கேட்டாள்.

"என்னை மட்டும் ஏன் சார் அதைக் கேக்கல?"

"எதை?"

"எதைன்னு உங்களுக்குத் தெரியும்."

அவர் காய்ந்த தட்டையே மறுபடியும் துடைத்தார். "நீதான் நல்லாச் சொல்லிட்டியேம்மா."

"அங்க கேப்பாங்கல்ல? கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

மை ஃபாதர் அண்ட் ஐ என்று சொல்லு, விசா நிச்சயம் என்று ஒரு வாத்தியாராக அவர் சொல்லியிருக்க வேண்டும். மற்றப் பிள்ளைகளுக்கு வரிவரியாகச் சொல்லிக்கொடுப்பவர்தான். இவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்துவிட்டால் பிறகு அது தன் வாக்கியமாகிவிடும், அவளுடையதாக இருக்காது என்று அவருக்குப் பட்டது. "உள்ளதைச் சொல்லு" என்றார். "ஒப்பிக்காதே."

"சரி சார்" என்று அவள் குழாயை மூடினாள்.

*

திங்கட்கிழமை தூதரகத்துக்கு எதிர்ச் சாரியில், மற்றப் பெற்றோர்களோடு அவரும் நின்றிருந்தார். எல்லோர் கையிலும் பிள்ளைகளின் பைகளும் கைப்பேசிகளும் இருந்தன, உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். அவர் கையில் இருந்தது அவளுடைய பை. ஒரு அம்மா தன் பையன் பேரைச் சொல்லி வேண்டிக்கொண்டிருந்தாள். இன்னொருவர் இவரைப் பார்த்து, "உங்களுக்குப் பையனா, பொண்ணா?" என்றார். "பொண்ணு" என்று சொன்னபோது தன் குரல் தேவைக்கு மேல் சத்தமாக இருந்ததாக அவருக்குத் தோன்றியது. சாலைக்கு அப்பால் அந்தக் கதவு திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. வெளியே வரும் முகத்தை வைத்தே முடிவைச் சொல்லிவிடக்கூடியவர் அவர். அவள் வந்தபோது மட்டும் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. சாலையைக் கடக்கும்வரை வண்டிகளையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"கிடைச்சிடுச்சு சார்."

அவர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்து, அவளிடம் கொடுத்தார். சந்தோஷமாக இருந்தது. சந்தோஷம்தான், அதில் பொய் இல்லை.

பேருந்து நிறுத்தம்வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தவர், அங்கே முடியாமல் கேட்டுவிட்டார். "என்ன கேட்டாங்க?"

"நீங்க கேக்கற அதே கேள்விங்கதான். ஒண்ணு விடாம."

"திரும்பி வருவியான்னு?"

"ம். அன்னிக்குச் சொன்னதையே சொன்னேன். உடனே அந்தம்மா ஹூ இஸ் வீன்னு கேட்டாங்க. உங்க மாதிரியே பேனாவைக் கீழ வெச்சாங்க சார்." அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"நீ?"

"மை ஃபாதர் அண்ட் ஐன்னேன்."

பேருந்து வந்தது, ஏறினார்கள். அவள் முன்னால் இடம் பிடித்து உட்கார்ந்தாள், இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த வாக்கியத்தை மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டார். எந்த இடத்தில் இழுத்தாள், எந்த இடத்தில் வேகமாகப் போனாள். எத்தனையோ பிள்ளைகளின் வாயில் அவரே ஊட்டிவிட்ட வாக்கியம் அது, ஆக்சுவலிக்குக்கூட அட்சரம் பிசகாமல் வரும். உள்ளதைச் சொன்னாளா, சொல்லிக்கொடுத்ததைச் சொன்னாளா? வாடை பிடிப்பதில் சூரன் என்று பேர் வாங்கியவருக்கு எந்த வாடையும் தெரியவில்லை. அவளையே கேட்டுவிடலாம். கேட்டால் பாவம், ஆமாம் என்றுதான் சொல்லுவாள். நல்ல பெண்.

*

கிளம்பும் அன்று காலை தாய்மாமா காரோடு வந்தார். நல்ல மனிதர், சத்தமான மனிதர். வந்ததும் வராததுமாகப் பெட்டியைத் தூக்கிப் பார்த்து, எடை கூடுதல் என்றார், பிறகு குறைவு என்றார். அவள் கொல்லைப் பக்கம் துணிக் கொடியில் காய்ந்த கடைசித் துண்டை எடுக்கப் போயிருந்தாள். இவர் காலையிலேயே மோட்டாரைப் போட்டுவிட்டு, வேலை இருப்பதுபோல அறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தார்.

மாமா பெட்டியை வாசல் படிக்கட்டுக்குக் கீழே இறக்கி வைத்துவிட்டு, கொல்லைக்குக் கேட்கும்படி குரல் கொடுத்தார். "லீவு விட்டா நேரா நம்ம வீட்டுக்கு வந்துடும்மா. அத்தை ரூம் ஒழிச்சு வெச்சிருக்கா. இங்க வந்து இனிமே நீ என்ன பண்ணப் போறே?" சொன்ன பிறகுதான் பக்கத்தில் நிற்பவர் நினைவு வந்ததுபோலத் திரும்பி, "தப்பா எடுத்துக்காதீங்க சார். உங்களுக்கும் சிரமம்தானே?" என்றார்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லை" என்றார் இவர். தப்பாக எடுத்துக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. மாமா கேட்டது நியாயமான கேள்வி. இரண்டு பேரும் கொல்லைப் பக்கமிருந்து பதில் வரும் என்று நின்றார்கள். பிறகு வந்தது.

"சார், நம்ம டேங்க் வழியுது."

அவர் சுவிட்சுப் பலகையை நோக்கி இரண்டு எட்டு வைத்துவிட்டு நின்றார். இத்தனை வருடங்களில் அது உங்க டேங்க், உங்க மோட்டார். மொட்டை மாடிக்குப் போகும் படிகூட உங்க படி. காது ஏமாற்றுகிறதா? மாமா சொன்ன 'நம்ம' இன்னும் காற்றில் தொங்கிக்கொண்டிருந்ததா?

"என்னம்மா சொன்னே?" என்று கேட்டார்.

"டேங்க் வழியுதுன்னேன் சார்" என்றாள்.

அவர் சுவிட்சில் விரலை வைத்தார். அழுத்தவில்லை. அழுத்தினால் தண்ணீரோடு அந்த 'நம்ம'வும் நின்றுவிடும் போலிருந்தது. மேலே தொட்டியின் விளிம்பிலிருந்து தண்ணீர் மொட்டை மாடியில் விழுந்து, குழாய் வழியே இறங்கி, போதாமல் ஜன்னல் மேலிருந்த சிமெண்ட் பலகையில் சிதறி, வாசல் முற்றத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் துண்டைத் தோளில் போட்டபடி கொல்லைக் கதவருகே வந்து நின்று அவரைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். "சார், தண்ணி, தண்ணி" என்று சொல்லிக்கொண்டே மாமா பெட்டியை நனையாமல் ஒரு படி மேலே தூக்கி வைத்தார், பிறகு இன்னொரு படி மேலே, கடைசியில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டார்.